இடுப்பு மட்டும் குறைந்தது

டேப்பக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது; யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. எந்நேரமும் கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதால் டேப்பக்கா. எழுபது வயதுப் பெரியவருக்கும் அக்கா, நடை பழகும் குழந்தைக்கும் அக்கா.

மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் அவளுடைய தையல் கடை. ஆள் படுத்தால் கால் தெருவுக்கு நீளும். இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, மேஜைக்கடியில் துண்டுத்துணி மூட்டை, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியின் கீழ்மூலை உடைந்து போனதால் அதில் பார்க்கிற எவருக்கும் ஒரு கால் இருக்காது. வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா போய்விட்டாள், தங்கை சின்னவள், மெஷின் வீட்டில் இருந்தது. உட்கார்ந்தவள்தான், இருபத்தெட்டு வருடமாக எழுந்திருக்கவில்லை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "வந்ததெல்லாம் அளவு சரியில்ல" என்பாள். வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுக்கிற ஆண்களிடம், "மூச்சை விடுங்க சார். சட்டை போட்டப்புறம் மூச்சு விட மாட்டீங்களா?" என்பாள். வாய் அப்படி. கை மட்டும் நூல் பிசகாது. அவள் பெருமைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: அளவு நோட்டு. நீளம், தோள், மார்பு, இடுப்பு, கை என்று கட்டம் போட்டு எழுதிய நீள நோட்டுகள். ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை; எல்லாம் வெட்டு மேஜைக்கடியில் அடுக்கியிருந்தாள்.

ஊருக்கு வெளியே மேட்டில் ஓர் இல்லம் இருக்கிறது. வாசலில் இருக்கும் போர்டை ஒரே மூச்சில் வாசித்து முடிப்பவனுக்குப் பரிசு கொடுக்கலாம்: 'வழிதவறிய வளரிளம் பருவத்தினருக்கான தங்கிப் பயிலும் ஒழுக்க மேம்பாட்டுச் சிகிச்சை மையம்'. போனை விடாதவன், பள்ளிக்கு மட்டம் போட்டவன், அப்பாவை எதிர்த்துப் பேசியவள், வீட்டை விட்டு இரண்டு தெரு ஓடிப்போய்ப் பசித்ததும் திரும்பி வந்தவன், எல்லோரும் உள்ளே நோயாளிகள். அங்கே யூனிபார்ம் தைக்கும் வேலை மூன்று வருடமாக டேப்பக்காவிடம் இருந்தது. பழுப்புச் சட்டை, பழுப்பு பேன்ட். பாக்கெட் கிடையாது. கை மணிக்கட்டு வரை இருக்க வேண்டும். அதில் மட்டும் வார்டன் கறாராக இருந்தார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் ஸ்கூட்டரில் மேடேறிப் போய் அளவெடுப்பாள். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பெயர் கிடையாது, நம்பர். வார்டன் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அந்த ஆளுக்கு முகத்தில் சிரிப்பைத் தைத்து வைத்திருந்தார்கள், பிரிக்க முடியாத தையல்.

"நாப்பது பிள்ளைங்க. ஒரு தும்மல் சத்தம் இல்ல" என்று டேப்பக்கா தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள். "நம்ம வீட்டுல ரெண்டு இருந்தாலே கூரை பிச்சுக்கும். அங்க பாருங்க, அவ்வளவு மரியாதை."

பெரியவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. வாயை மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் அது நல்ல பிள்ளை என்று முடிவு கட்டிவிடுவார்கள். எதனால் மூடியிருக்கிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் வீட்டில் இருக்கும் பிள்ளையையும் கேட்க வேண்டிவருமே.

இல்லத்துக்கு எதிரே ஒரு தார்ப்பாய்ப் பந்தல். சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் அட்டை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கோஷத்தை விசிலால் நடத்துவார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். முப்பத்தோரு வருடப் பழக்கம், விட முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ். இல்லத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்து, பிள்ளைகளைப் பட்டினி போடுகிறார்கள், அடிக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்து, மறுநாளே வெளியே அனுப்பப்பட்டவள். 'வேலை போன கடுப்பு' என்று ஊர் அவள் பேச்சுக்கு ஒரு பெயர் வைத்து மூடிவிட்டது.

ஒருநாள் துணி மூட்டையோடு போன டேப்பக்காவை நர்ஸ் மறித்தாள். "அக்கா, நீங்க உள்ள போறீங்க. ஒரு தடவை அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பாருங்க, போதும்."

"நான் முகத்துக்குத் துணி தைக்கிறதில்லம்மா" என்றாள் டேப்பக்கா. பதிலடி கொடுத்த சந்தோஷத்தில் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்தாள்.

அந்த வருட நடுவில் அளவெடுத்தபோது ஒரு சிக்கல் வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் அளந்த பிள்ளைகளில் இருபத்தாறு பேர் இன்னும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இடுப்பு இரண்டு அங்குலம், இரண்டரை அங்குலம் குறைந்திருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் பிள்ளைகள் இளைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருப்பார்கள். டேப்பக்கா தையல்காரி. அவளுக்கு டேப்பின் மேல்தான் சந்தேகம் வந்தது. துணி டேப்பு பழசானால் இழுத்துக்கொள்ளும், நீண்டுவிடும். இழுத்துக்கொண்ட டேப்பு எதையும் குறைத்துத்தான் காட்டும். இருபத்தெட்டு வருட அனுபவம் அப்படித்தான் சொல்லிற்று.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்று அவளே போய் வார்டனிடம் தலையைச் சொறிந்தாள். "டேப்பு இழுத்துக்கிச்சு. இந்தத் தடவை எடுத்த அளவு தப்பு. பழைய அளவுலயே தச்சுடுறேன்."

வார்டன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, "தங்கமான யோசனைம்மா" என்றார்.

தைத்துக் கொடுத்த பேன்ட் ஒன்றும் இடுப்பில் நிற்கவில்லை. எலாஸ்டிக் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். பழைய டேப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, நுனியில் தகடு பதித்த புது டேப்பு வாங்கினாள்.

அடுத்த மாதம் தங்கை அழுதுகொண்டு வந்தாள். தங்கைக்கு ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் வேலை. புருஷன் லாரியோடு போனவன். லாரி மட்டும் திரும்பி வந்தது. ஒரே மகள், பதினைந்து வயது. ரேடியோ என்று பெயர். ஆஃப் செய்ய பட்டன் கிடையாது. பள்ளியில் கழிப்பறை போர்டைக் கழற்றித் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டியிருந்தாள். அரைநாள் முழுக்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவசரமாகக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். தலைமையாசிரியருக்குச் சிரிக்கத் தெரியாது. பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்.

"மேட்டுல கொண்டுபோய் விடுடி" என்றாள் டேப்பக்கா. "ஆறே மாசம். அடங்கி ஒடுங்கி வருவா. நான் கண்ணால பாத்தவ சொல்றேன்."

தங்கை தயங்கினாள். டேப்பக்கா விடவில்லை. அவளே கூடப் போய், முதல் நூறு நாள் போன் கிடையாது, பார்க்க வரக்கூடாது என்று போட்டிருந்த தாளில் தங்கையைக் கையெழுத்துப் போடவைத்தாள். யூனிபார்முக்கு ரேடியோவைக் கடையில் நிறுத்தி அளவெடுத்தாள். இடுப்பு இருபத்தாறு.

"பெரியம்மா, இந்த பேன்ட்ல பாக்கெட்டே இல்லையே. கையை எங்க வச்சுக்கிறது?"

"சும்மா வச்சுக்க. உன் கை சும்மா இருந்தா உலகமே நிம்மதியா இருக்கும்."

"நீங்க தைக்கிறது யூனிபார்ம் மாதிரி இல்ல பெரியம்மா. உறை மாதிரி இருக்கு. தலையணை உறை."

"நில்லுடி ஒழுங்கா."

நூறு நாள் முடிவதற்குள், புதிதாய்ச் சேர்ந்தவர்கள் நிறைய பேர் என்று வார்டன் அளவெடுக்கக் கூப்பிட்டார். டேப்பக்கா வரிசையின் ஓரத்தில் தொடங்கி ஒவ்வொருவராக அளந்துகொண்டே போனாள். குனிந்து எழுதுவதும் நிமிர்ந்து அளப்பதுமாக.

"அறுபத்தொண்ணு" என்றது அடுத்த பிள்ளை.

எழுதிவிட்டு இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். இருபத்திரண்டரை. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். ரேடியோ. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சொந்தத் தங்கை வீட்டுப் பிள்ளை, தூக்கி வளர்த்த பிள்ளை. குரலை வைத்துக்கூட டேப்பக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. டேப்பை உருவி மறுபடி சுற்றினாள். இருபத்திரண்டரைதான். புது டேப்பு.

தோள் அளக்க மேற்கையைத் தொட்டதும் பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. சட்டைக்கையை மெல்ல ஒதுக்கினாள். ஒரு பக்கம் நாலு கறுத்த தடம், எதிர்ப்பக்கம் ஒன்று. அளவுகாரிக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய ஆளின் கை.

"சாப்பிடுறியாடி?" என்றாள் உதடு அசையாமல்.

"சாப்பிடுறேன் மேடம்" என்றது பிள்ளை சுவரைப் பார்த்து.

"பேச்சு வேணாம்மா" என்றார் வார்டன். குரலில் சர்க்கரை. "நீங்க பேசிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் அதுக்குத்தான் கஷ்டம்."

டேப்பக்கா அங்கேயே அந்த டேப்பை அந்த ஆளின் கழுத்தில் சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை. மிச்சமிருந்த பதின்மூன்று பிள்ளைகளையும் அளந்துவிட்டுத்தான் வந்தாள். இதற்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டியதும் இல்லை.

கடைக்கு வந்து, மத்தியான வெயிலில் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, நோட்டுகளைத் தரையில் பரப்பினாள். வருட ஆரம்பத்து நோட்டு ஒரு பக்கம், நடு வருட நோட்டு ஒரு பக்கம். நம்பர் பன்னிரண்டு. இடுப்பு இருபத்தேழிலிருந்து இருபத்தைந்து. சரி, டேப்பு இழுத்துக்கொண்டது. விரல் அடுத்த கட்டத்துக்குப் போனது. தோள் அரை அங்குலம் கூடியிருந்தது. பேன்ட் நீளம் ஓர் அங்குலம் கூடியிருந்தது. நம்பர் பத்தொன்பது, அப்படியே. முப்பத்து நாலு, அப்படியே.

டேப்பு இழுத்துக்கொண்டிருந்தால் எல்லா அளவும்தானே குறைய வேண்டும். தோளையும் காலையும் விட்டுவிட்டு இடுப்பை மட்டும் குறைத்துக்காட்டுகிற டேப்பு உலகத்தில் உண்டா? பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள், வயிறு மட்டும் ஒட்டிப் போயிருக்கிறது. தன் கையால், தன் எழுத்தில், கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். இருபத்தாறு பேருக்கு. எழுதிவிட்டு டேப்பைத் திட்டியிருக்கிறாள். அதன் பிறகு எலாஸ்டிக்.

அவள் அழவில்லை. வெட்டுக் கத்தரியை எடுத்து மேஜையில் ஓங்கிக் குத்தினாள். அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது.

ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் தங்கை படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். டேப்பக்கா சொன்னதை முழுக்கக் கேட்டாள். "நீதானேக்கா சொன்னே" என்றாள். அவ்வளவுதான். மடித்த விரிப்பைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள். நூறு நாள் ஆகாமல் பிள்ளையைப் பார்க்கக்கூட முடியாது; அந்தத் தாளில் அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை டேப்பக்கா பந்தலுக்குப் போனாள்.

"வாங்க டேப்பக்கா" என்றார் கண்டக்டர். "எங்களுக்கும் யூனிபார்ம் தைக்க ஆர்டர் வந்திருக்கா?"

"திட்டுறதுன்னா அப்புறமா மொத்தமா திட்டிக்கோங்க" என்று நோட்டுகளை நர்ஸின் மடியில் வைத்தாள். "முதல்ல இதைப் பாரும்மா. நீ சொன்னப்போ நான் நாக்கை நீட்டினேன். அந்த நாக்கைப் பிடுங்கிப் போடணும்."

நர்ஸ் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கண்டக்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஒன்றரை வருஷமா நாங்க தொண்டை கிழியக் கத்துறோம்" என்றார் மெதுவாக. "சாட்சி எங்க, சாட்சி எங்கன்னு கேக்குறானுங்க. அது உங்க மேஜைக்கடியில இருந்திருக்கு."

"இருந்துச்சு" என்றாள் டேப்பக்கா.

புதன்கிழமை சிறார் நலத்துறை அதிகாரி சோதனைக்கு வந்தார். செய்தி தெரிந்து டேப்பக்காவும் தங்கையும் பந்தல்காரர்களோடு காத்திருந்தார்கள். நடுத்தர வயதுப் பெண். இதற்கு முன் மூன்று முறை வேறு அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். உள்ளே போய் ஜூஸ் குடித்து, பிள்ளைகள் நலம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவரும் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்து காரில் ஏறினார். கார் நகர்ந்தது. கண்டக்டர் ஒரே ஒரு விசில் அடித்தார். டிரைவர் பழக்கதோஷத்தில் பிரேக்கைப் போட்டுவிட்டார்.

டேப்பக்கா கார்க் கண்ணாடிக்குள் நோட்டை நீட்டினாள். பின்னாலேயே வார்டன் ஓடி வந்தார், சிரிப்பு கலையாமல்.

"மேடம், இந்தம்மாவே நாலு மாசம் முன்னாடி எங்கிட்ட வந்து, டேப்பு இழுத்துக்கிச்சு, அளவு தப்புன்னு சொன்னாங்க. கேளுங்க, சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னேன்" என்றாள் டேப்பக்கா. "முட்டாள்தனமா சொன்னேன். மேடம், இந்தத் தோள் கட்டத்தைப் பாருங்க. நீளத்தைப் பாருங்க. கூடியிருக்கா? டேப்பு இழுத்திருந்தா இதுவும் குறைஞ்சிருக்கணும். டேப்பு பொய் சொன்னா எல்லா இடத்துலயும்தான் சொல்லும்."

அதிகாரி விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். காரிலிருந்து இறங்கினார்.

"எடைப் பதிவேடு இருக்கு மேடம்" என்றார் வார்டன். "எல்லாருக்கும் மாசம் ஒரு கிலோ ஏறியிருக்கு."

"ஏறின கிலோ எங்க சார் போச்சு? காதுக்கா?" என்றாள் டேப்பக்கா.

அதிகாரி திரும்ப உள்ளே நடந்தார். கூடவே டேப்பக்காவும் நர்ஸும், பிள்ளையைப் பெற்றவள் என்ற உரிமையில் தங்கையும். நோட்டிலிருந்து அதிகாரியே நாலு நம்பர் படித்தார். வார்டன் உள்ளே போய் அழைத்து வந்து முற்றத்தில் நிறுத்தினார்.

"உன் பேர் என்னப்பா?" என்றார் அதிகாரி முதல் பையனிடம்.

"பன்னெண்டு."

"நம்பர் இல்ல. பேரு."

பையன் வார்டனைப் பார்த்தான். அதிகாரி அவனுடைய பேன்ட் இடுப்பைப் பிடித்தார். எலாஸ்டிக் இழுபட்டது. அவருடைய முஷ்டி உள்ளே போனது. இரண்டாவது முஷ்டியும் போனது. சட்டைக்கையைத் தானே தூக்கிப் பார்த்தார். முப்பத்து நாலுக்கும் நாற்பதுக்கும் அதே கதைதான். பத்தொன்பது மட்டும் நன்றாக இருந்தான். கன்னம் உப்பலாக, பேன்ட் இடுப்பில் கச்சிதமாக. கையில் கன்றிய தடம் இல்லை.

"பாத்தீங்களா மேடம்" என்றார் வார்டன். "சில பிள்ளைங்க சாப்பிடாது. நாங்க என்ன ஊட்டியா விட முடியும்? சாப்பிடுறவன் இதோ இப்படி இருக்கான்."

டேப்பக்கா பத்தொன்பதை அளக்கக் கையை நீட்டினாள். அதிகாரி தடுத்துவிட்டார். "போதும்மா. பாத்துட்டேன்." அந்த ஒரு பையனால் அவருடைய குரல் இரண்டு படி இறங்கியிருந்தது. நோட்டீஸ் கொடுப்பதாகவும், பதினைந்து நாளில் விளக்கம் கேட்பதாகவும், அதுவரை கூட்டிப்போக நினைக்கும் பெற்றோர் கூட்டிப்போகலாம் என்றும் சொன்னார். பதினைந்து நாள். பட்டினி கிடக்கிறவனுக்குப் பதினைந்து நாள் தவணை. கூட்டிப்போக அங்கே நின்றிருந்த ஒரே தாய் தங்கைதான். மற்றவர்கள் எங்கோ, பிள்ளை திருந்தி வரும் என்று நம்பிக்கொண்டு இருந்தார்கள். அதிகாரி நோட்டீஸ் எழுத அலுவலக அறைக்குள் போனார்.

ரேடியோவைப் பையோடு வெளியே விட்டார்கள். மேட்டடியில் பஸ் நிறுத்தம் வரை அவள் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் மூன்றடி பின்னாலேயே வந்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"உக்காருடி" என்றாள் தங்கை, நிறுத்தத்து பெஞ்சைக் காட்டி.

ரேடியோ உட்காரவில்லை. "எத்தனை நிமிஷம்?"

"என்னது?"

"எத்தனை நிமிஷம் உக்காரலாம்?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். "எத்தனை நிமிஷம் வேணும்னாலும்டி" என்றாள் டேப்பக்கா. " பஸ் வந்தாலும் உக்காரு. வரலைன்னாலும் உக்காரு."

பெஞ்சின் விளிம்பில் அரை ஆள் இடத்தில் உட்கார்ந்தாள். தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இன்னைக்குப் பத்தொன்பதுன்னு கூட்டிட்டு வந்தாங்களே, ஜன்னல் வழியா பாத்தேன். அது பத்தொன்பது இல்ல."

"என்னடி சொல்ற?"

"அவன் போன வாரம் வந்த பையன். இன்னும் நம்பர்கூட வைக்கல. பத்தொன்பதை ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க. கால் வீங்கிப் போச்சு, நிக்க முடியல. அதான் காட்டல."

டேப்பக்கா மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். அதிகாரியின் கார் இன்னும் இல்லத்து வாசலில்தான் நின்றது. வெறும் கையால் இடுப்பைப் பார்த்துவிட்டுப் போதும் என்று சொன்ன அந்த அம்மாவின் மேலும், தடுத்ததும் கையை மடக்கிக்கொண்ட தன் மேலும் ஒரேயடியாகக் கோபம் பொங்கியது. தோளை ஒரு தடவை அளந்திருந்தால் அந்த இடத்திலேயே குட்டு உடைந்திருக்கும்.

"நீங்க ரெண்டு பேரும் பஸ்ல ஏறுங்க" என்றாள். "நான் அந்தக் காரு கிளம்புறதுக்குள்ள போகணும்."

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. தங்கை மகளின் கையைப் பிடித்தாள். ரேடியோ எழுந்தாள். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை.

"அவங்க உங்களை ஆபீஸ் பக்கமா சுத்தவிட்டுடுவாங்க பெரியம்மா" என்றாள். "ஸ்டோர் ரூம் பின்னாடி, தண்ணி டேங்க்குக்குக் கீழ இருக்கு. வெளிய இருந்து பாத்தா கதவு மாதிரியே தெரியாது. நான் காட்டுறேன்."

"வேணாம்டி" என்றாள் தங்கை. "மறுபடி உள்ள போகாத. என்னால முடியாது."

"நீயும் வாம்மா அப்ப."

டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனார். மூன்று பேரும் மேடேறினார்கள். டேப்பக்கா முன்னால் கிட்டத்தட்ட ஓடினாள். ரேடியோவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் பேசிக்கொண்டே வந்தாள். எந்த ஆள் எந்தச் சாவியை வைத்திருக்கிறான், எந்த நாளில் யாருக்குச் சோறு நிறுத்தினார்கள், முப்பத்து நாலின் பெயர் என்ன, நாற்பதின் பெயர் என்ன என்று நிறுத்தாமல் சொன்னாள். கேட்டுக்குப் போகும் வரை டேப்பக்கா ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை.